சர்க்கரைப் பரிசோதனை என்று சொன்னேன்

மனநோயின் மரபியலை ஆராய்கிறவர்களுக்கு ரத்தம் அப்புறம்தான். முதலில் வேண்டியது வம்பு. எந்தச் சித்தப்பா கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு ஊருக்கு வந்து அதன் பிறகு வாசல் தாண்டவில்லை, எந்த அத்தையைப் பிள்ளை பெற்ற கையோடு கோயிலில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள், கிணற்றில் தவறி விழுந்ததாகச் சொல்லப்படும் தாத்தா உண்மையிலேயே தவறித்தான் விழுந்தாரா, இவ்வளவும் தெரிந்த பிறகுதான் குழாயில் இருக்கும் ரத்தத்துக்கு மதிப்பு. அந்த வம்பைச் சேகரித்துக் கொடுத்தவள் நான். படித்தது சமூகப் பணி. ஏர்வாடித் தீ விபத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில், மனச்சிதைவு நோய் ஒரே குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வந்திருக்கும் வீடுகளைத் தென்மாவட்டங்களில் தேடிப்போகும் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை பார்த்தேன். எந்த நிறுவனம், யார் தலைமை என்பதெல்லாம் வேண்டாம். சொன்னால் பேச்சு அங்கே போய்விடும், என் பங்கு மறைந்துவிடும்.

மனநல மருத்துவர் யாராவது ஒரு குடும்பத்தைக் காட்டிக்கொடுப்பார். இந்த வார்த்தையைத் தெரிந்துதான் எழுதுகிறேன். லேப் டெக்னீஷியன் ஒருவரும் நானும் ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறுவோம். பெட்டிக்குள் ஊதா மூடி போட்ட குழாய்கள். ரத்தம் எடுப்பதற்கு முன்னால் குடும்ப மரம் வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவர் என்றால் உள்ளே முழுக்கக் கறுப்பு அடிக்க வேண்டும். இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. நம் ஊரில் இரட்டைக் கோட்டுக்குப் பஞ்சமே இல்லை. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில்கூடத் தமிழ்நாட்டில் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் மணமானவர்கள். தாய்மாமனுக்கு அக்கா மகள், அத்தை மகனுக்கு மாமன் மகள் என்று போட்டுப் போட்டு, ஸ்கேல் இல்லாமலே இரட்டைக் கோடு நேராக வர ஆரம்பித்தது எனக்கு.

மற்றவர்கள் கொண்டுவந்த மரங்கள் பாதி காலியாக இருக்கும். என்னுடையவை நான்கு தலைமுறைக்கு நிறைந்திருக்கும். மாதாந்தரக் கூட்டத்தில் என் தாளைத்தான் திரையில் போட்டுக் காட்டுவார்கள். அதற்கு நான் கைக்கொண்ட வழியைச் சொல்லிவிடுகிறேன். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் எதுவும் கேட்கக் கூடாது. அடுப்படிக்குப் போய்விட வேண்டும். படிவத்தைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. செத்தவர்களிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அவர்களைப் பற்றிப் பேச யாருக்கும் கூச்சம் கிடையாது. அங்கிருந்து மெல்ல வெளியூரில் இருப்பவர்களுக்கு வர வேண்டும். மாமியாரிடம் மருமகள் பிறந்த வீட்டுக் கதையைக் கேட்க வேண்டும், மருமகளிடம் மாமியார் பிறந்த வீட்டுக் கதையை. தன் வீட்டுக் கறையை மறைக்கிறவர் எதிர்வீட்டுக் கறையை மறைப்பதில்லை. இரண்டையும் சேர்த்தால் மரம் முழுசாகிவிடும்.

இதைத் திறமை என்றுதான் நினைத்தேன். பெருமையாகவும் இருந்தது.

நேரில் பார்க்காத உறவினர்களைப் பற்றி எழுத அந்தப் படிவத்தில் மூன்று கட்டம் இருந்தது: உறுதியாக உண்டு, இருக்கலாம், இல்லை. நடுவில் இருந்த கட்டம்தான் என் கையில் சீரழிந்தது. கோபக்காரர், குடிகாரர், சொத்துத் தகராறில் அண்ணன் தம்பியோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர், எல்லாரும் ‘இருக்கலாம்’ பக்கம் போனார்கள். ஒரு வீட்டில் ஓர் அத்தை. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஊர்க்கோடியில் தனி வீடு, ஆடு வளர்ப்பு, ராத்திரியில் விளக்கு வைத்துக்கொண்டு புத்தகம். “அது ஒரு மாதிரிம்மா” என்றார் அவருடைய அண்ணன். நான் அவரைப் போய்ப் பார்க்கவில்லை. வெயில், நடக்க வேண்டிய தூரம், மறுபடி பஸ் பிடிக்க வேண்டும். வட்டத்துக்குள் பாதிக் கறுப்பு அடித்தேன். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதையும் படிக்கப் பிடித்ததையும் தவிர அவரிடம் நான் கேள்விப்பட்ட குறை வேறொன்றும் இல்லை. பாதிக் கறுப்பு வட்டம் ஒன்று கூடினால் அந்தக் குடும்பம் ஆராய்ச்சிக்கு இன்னும் ‘நல்ல குடும்பம்’ ஆகும். நாங்கள் அப்படித்தான் பேசுவோம். நோயாளிகள் நிறைய இருந்தால் நல்ல குடும்பம்.

எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்த பெண்களைப் பற்றி வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துக் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் 1910இல் இனமேம்பாட்டுப் பதிவு அலுவலகம் என்று ஒன்றைச் சார்லஸ் டேவன்போர்ட் தொடங்கினார். அதன் களப் பணியாளர்களில் பெரும்பாலோர் படித்த இளம்பெண்கள். பெண்கள் என்றால் வீட்டுக்குள் விடுவார்கள், பேச்சுக் கொடுத்து விஷயத்தை வாங்கிவிடுவார்கள். இதே காலத்தில் நியூஜெர்சியின் வைன்லண்டில் ஹென்றி காடர்டு என்ற உளவியலாளர் மூளை வளர்ச்சி குன்றியோருக்கான பள்ளியில் ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். கல்லிக்காக் என்று அவர் மாற்றுப்பெயர் சூட்டிய குடும்பத்தைப் பற்றிய நூல் 1912இல் வெளியாகிப் பரபரப்பாக விற்றது. ஒரே மூதாதையின் வழிவந்த 480 பேர், அவர்களில் 143 பேர் புத்தி குறைந்தவர்கள் என்று கணக்கு. அந்தக் கணக்கைப் பெரும்பாலும் வீடு வீடாகப் போய் எடுத்தவர் எலிசபெத் கைட் என்ற களப் பணியாளர். செத்துப்போய் இரண்டு தலைமுறை ஆனவர்களுக்கும் பக்கத்து வீட்டுக் கிழவர்களின் பேச்சை வைத்துப் புத்தியின் அளவைக் குறித்தார். உயிரோடு இருந்தவர்களைப் பற்றி வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தே முடிவு கட்டினார். பிற்காலத்தில் வம்சாவளி ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டியபோது, கதையின் தொடக்கத்தில் இருந்த உறவுமுறையே தப்பு என்று தெரிந்தது. அந்த அம்மையாரைப் படிக்கிறவர்களுக்குக் கோபம் வரும். எனக்கு அவர் நடந்துபோன வழி பழக்கப்பட்ட வழியாகத் தெரிந்தது. அவர் அடுப்படியில் உட்கார்ந்து என்ன கேட்டிருப்பார் என்று என்னால் சொல்ல முடியும்.

ஜெர்மனியில் இது எங்கே போய் முடிந்தது என்பதும் தெரிந்ததுதான். மனச்சிதைவு நோயாளிகளின் உடன்பிறந்தவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்து 1916இல் எர்ன்ஸ்ட் ரூடின் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். 1933 ஜூலை 14ஆம் தேதி ஹிட்லர் அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்துக்கு அதிகாரபூர்வ விளக்கவுரை எழுதியவர்களிலும் அவர் ஒருவர். சட்டம் அடுக்கிய நோய்களில் மனச்சிதைவு இரண்டாவது. ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குக் கருத்தடை செய்தார்கள். ஜெர்மன் மனநல மருத்துவர்கள் சங்கம் அதற்கு மன்னிப்புக் கேட்டது 2010இல். எனக்குக் கொடுத்த பயிற்சியில் சதுரமும் வட்டமும் எப்படிப் போடுவது என்பது இருந்தது, ரூடின் இல்லை.

கெட்ட எண்ணத்தோடு நான் இந்த வேலைக்கு வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த மனநோயாளிகள் தீயில் மாட்டி 28 பேர் செத்துப்போனார்கள். தர்காவுக்குக் கொண்டுபோனால் பேய் இறங்கும் என்று நம்பி விடப்பட்டவர்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது நான் மாணவி. இது செய்வினையும் இல்லை, பாவமும் இல்லை, சர்க்கரை நோய் போல உடம்பில் வரும் ஒரு நோய் என்று நிரூபித்துவிட்டால் சங்கிலி கழன்றுவிடும் என்று நம்பினேன். மரபணுவைக் கண்டுபிடித்தால் போதும், பழி போய்விடும். வீட்டுக்கு வீடு இதைத்தான் சொல்லிக்கொண்டு போனேன்: “உங்க தப்பு இல்லம்மா. ரத்தத்துல வர்ற விஷயம்.”

ஒரு தாய்க்கு அதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை நான் கவனித்தேன். ஆனாலும் நிறுத்தவில்லை. செய்வினை என்றால் மந்திரவாதியிடம் போய் எடுத்துவிடலாம். அது ஒருத்தனோடு போகும். ரத்தத்தில் இருக்கிறது என்றால் வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கும் அத்தனை பேருக்கும் போட்ட பூட்டு அது. ஊர்க்காரர்கள் இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார்கள், எம்ஏ படித்த எனக்குத்தான் புரியவில்லை. ஜோ ஃபீலன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதையே சொன்னது. நோய்க்குக் காரணம் மரபணு என்று கேள்விப்பட்டவர்கள், நோயாளியின் உடன்பிறந்தவரும் அப்படி ஆகலாம் என்று நினைத்தார்கள். அந்த உடன்பிறந்தவரோடு காதல், கல்யாணம், பிள்ளை என்று போவதற்குக் கூடுதலாகத் தயங்கினார்கள். அங்கே கருத்துக் கணிப்பில் வெளிவந்ததை நம் பக்கத்துத் தரகர் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்.

இனி அந்தக் குடும்பத்துக்கு வருகிறேன்.

தகப்பனார் இறந்துவிட்டார். தாய், நோயுள்ள இரண்டு மகன்கள். இருவருக்கும் மூத்தவள் ஒரு மகள், வேறு மாவட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பெரிய தம்பிக்கு முதன்முதலில் குரல்கள் கேட்க ஆரம்பித்த வருஷமே, விஷயம் வெளியே வரும் முன்னால், அவளை அவசரமாகக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அதுவும் அந்நியத்தில். முறை மாப்பிள்ளை இருந்தும் சொந்தத்தில் கொடுக்கவில்லை, சொந்தக்காரர்களுக்கு எல்லாம் தெரியும் என்பதால். தாய் ஒளிவுமறைவு இல்லாமல் என்னிடம் சொன்னார்: “தம்பிக ரெண்டு பேரும் திருப்பூர்ல வேலையில இருக்கானுகன்னு சொல்லித்தான் குடுத்துருக்கோம். அங்க மட்டும் போயிராதீங்கம்மா. பிள்ளை வாழணும்.” போக மாட்டேன் என்றேன். உங்களைக் கேட்காமல் ஓர் இடத்துக்கும் போக மாட்டேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

அந்தக் காலத்து ஆய்வு முறையில், தகப்பன் ரத்தம் இல்லாவிட்டால் நோயில்லாத உடன்பிறந்தவரின் ரத்தம் வேண்டும். பிள்ளைகளிடம் இருப்பதை வைத்துத் தகப்பனிடம் என்ன இருந்திருக்கும் என்று கணிப்பார்கள். அவளுடைய குழாய் வந்தால் அது முழுக் குடும்பம். வராவிட்டால், இரண்டு நோயாளிகள் இருந்தும் அரைகுறைதான். ஆண்டு முடிவில் எங்களுக்கு முழுக் குடும்பங்கள்தான் கணக்கு. என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவதும் அதை வைத்துத்தான். இருந்தாலும் யாரும் என்னைப் போ என்று சொல்லவில்லை, பொய் சொல் என்றும் சொல்லவில்லை.

முகவரியைத் தாயிடம் கேட்க முடியாது. ஆனால் கூடத்துச் சுவரில் சம்பந்தி வீட்டுக் கடையின் தினசரிக் காலண்டர் தொங்கியது. பிள்ளையார் படத்துக்குக் கீழே கடைப் பெயர், தெரு, போன் நம்பர். காபி குடித்துக்கொண்டே அதை மனப்பாடம் செய்தேன். தாய் உள்ளே மகனுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்.

தெரிந்த நர்ஸ் ஒருவரிடம் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவியை இரவல் வாங்கினேன். இந்த இடத்தை நான் தாண்டிப்போக விரும்பவில்லை. அங்கே போய் நின்று, வாய் தவறி வந்த பொய் அல்ல அது. முன்கூட்டியே திட்டமிட்டேன், சாமான் சேகரித்தேன், டெக்னீஷியனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் சொல்லிக்கொடுத்தேன். அவர் சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

முன்னால் கடை, பின்னால் வீடு. மாமியார் கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இலவசச் சர்க்கரைப் பரிசோதனை, வீட்டுப் பெண்களுக்கு மட்டும் என்றேன். வாம்மா, உட்காரு என்றார். முதலில் அவர் விரலில் குத்தினோம். இருநூற்றைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. அவருக்கு அதுவரை சர்க்கரை இருப்பதே தெரியாது. பதறிப்போய் என்னைத் தெய்வம் மாதிரி பார்த்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டார். இடுப்பில் குழந்தையோடு வந்தாள். குழந்தையை மாமியார் வாங்கிக்கொண்டார்.

“அத்தைக்கு விரல்ல குத்துனீங்க, எனக்கு எதுக்கு மேடம் கையில?”

ரத்தசோகையும் பார்க்க வேண்டும், பால் கொடுக்கிற பெண்கள் இல்லையா என்றேன். முதல் பொய்க்கு முட்டுக்கொடுக்க வந்த இரண்டாவது. சம்மதப் படிவம் நான்கு பக்கம். முதல் பக்கத் தலைப்பிலேயே மனநலம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். மூன்று பக்கங்களையும் பின்னால் மடித்துக் கிளிப் போட்டு அட்டையில் வைத்திருந்தேன். கடைசிப் பக்கத்தின் அடியில் கையெழுத்துக் கோட்டை விரலால் காட்டினேன். அவள் பத்தாவது வரை படித்தவள், கேட்டிருந்தால் நான்கு பக்கத்தையும் படித்திருப்பாள். கேட்கவில்லை. அழகான கையெழுத்து. கணவன் பெயரின் முதலெழுத்தைப் புதிதாகப் போட்டுப் பழகியவள் போலக் கொஞ்சம் நிறுத்தி எழுதினாள்.

கிளம்பும்போது கேட்டாள்: “ரிசல்ட் எப்ப மேடம் வரும்?”

தபாலில் வரும் என்றேன்.

அந்த ரத்தத்தில் யாரும் ரத்தசோகை பார்க்கவில்லை. பார்ப்பதாகத் திட்டமும் இல்லை. அவள் தபால்காரரை எத்தனை நாள் எதிர்பார்த்தாளோ. அவளுக்கு உண்மையிலேயே ரத்தசோகை இருந்து, ரிசல்ட் வராததால் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தால்? இது அன்றைக்கே எனக்குத் தோன்றியது. தோன்றியும் வெளியில் ஒரு லேபில் நாற்பதோ ஐம்பதோ ரூபாய் கொடுத்துப் பார்த்து அனுப்ப எனக்குத் தோன்றவில்லை.

அலுவலகத்தில், எப்படிச் சம்மதிக்க வைத்தாய் என்று கேட்டார்கள். பேசினேன் என்றேன். கைதட்டினார்கள். பிறகு அந்தத் தாய் வீட்டுக்கும் வழக்கம்போலப் போனேன். காபி கொடுத்தார், குடித்தேன். மகள் சௌக்கியம் என்று அவர் சொன்னபோது, அப்படியா, குழந்தை எப்படி இருக்கிறது என்று தெரியாதவள் மாதிரிக் கேட்டேன்.

எந்த விபரீதமும் நடக்கவில்லை, எனக்குத் தெரிந்தவரை. கல்யாணம் முறியவில்லை, யாருக்கும் விஷயம் தெரியவும் இல்லை. ரொம்ப நாள் இதையே என் பக்க நியாயமாக வைத்திருந்தேன். உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் மாமியார் காதில் விழுந்திருக்கும், அவள் வாழ்வு போயிருக்கும். ஆகவே பொய் அவளைக் காப்பாற்றியது என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். போகாமலே இருந்திருக்கலாம் என்பது மட்டும் அந்த வாதத்துக்குள் வராது. மாமியாருக்குச் சர்க்கரை கண்டுபிடித்ததையும் புண்ணியக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். எல்லாவற்றையும்விட, அன்று திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் எனக்கு சந்தோஷமாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஐஸ் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறை வழிகாட்டி 2000இலேயே வந்துவிட்டது. விளங்கச் சொல்லி, வற்புறுத்தாமல் சம்மதம் வாங்க வேண்டும் என்பது அதன் அரிச்சுவடி. எங்கள் அலமாரியில் ஒரு பிரதி இருந்தது.

சில வருடம் கழித்து ஆராய்ச்சி நெறிமுறைப் பயிற்சி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கே ஹவசுப்பாய் மக்களின் வழக்கைப் பாடமாக நடத்தினார்கள். அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் வாழும் சிறிய பழங்குடி, மொத்தமே 650 பேர் வாக்கில். அவர்களிடையே சர்க்கரை நோய் அதிகம். 1990இல் தொடங்கி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை நோய் ஆராய்ச்சி என்று மக்கள் புரிந்துகொண்டார்கள். கையெழுத்து வாங்கிய தாளில் நடத்தை மற்றும் மருத்துவக் கோளாறுகள் என்று எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு வரி இருந்தது. அதே ரத்தத்தில் மனச்சிதைவு, நெருங்கிய உறவில் கலப்பு, அவர்களின் முன்னோர் ஆசியாவிலிருந்து வந்தார்களா என்பதெல்லாம் ஆராயப்பட்டன. பள்ளத்தாக்கிலேயே பிறந்தவர்கள் தாங்கள் என்பது அந்த மக்களின் நம்பிக்கை. 2003இல் அந்த இனத்துப் பெண் ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வைக் கேட்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வழக்கு நடந்து, 2010இல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பிக் கொடுத்துச் சமரசம் ஆனார்கள்.

வகுப்பில் எல்லாரும் ச்சே என்றார்கள். நானும் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். சர்க்கரை என்று சொல்லி மனநோய்க்கு ரத்தம் எடுப்பதா என்று எழுந்து நின்று பேசினேன். தேர்வில் நல்ல மதிப்பெண். சான்றிதழ் இன்னும் இருக்கிறது. பேசிக்கொண்டிருந்தபோது அந்தக் கடைக் காலண்டர் நினைவுக்கு வந்ததா என்றால், வந்தது. அதனால்தான் சத்தம் கூடியிருக்க வேண்டும்.

அதே பயிற்சியில் இன்னொரு வழக்கு. அதைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழகம் இரட்டையர்களை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தது. 1999இல், வயதுவந்த ஒரு மகளுக்கு வந்த கேள்வித்தாளை வீட்டில் தகப்பனார் பிரித்துப் பார்த்துவிட்டார். உங்கள் தகப்பனாருக்கு மனச்சோர்வு உண்டா, பிறப்புறுப்பில் குறை ஏதும் உண்டா என்றெல்லாம் கேள்வி. என்னைப் பற்றித் தகவல் திரட்டுகிறீர்கள், என்னிடம் சம்மதம் கேட்டீர்களா என்று புகார் எழுதினார். 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தில் மனிதர்களை வைத்து நடக்கும் ஆராய்ச்சிகளையே அரசு அமைப்பு நிறுத்திவைத்தது. குடும்பத்தை ஆராயும் எல்லாத் துறைக்காரர்களும் ஆடிப்போனார்கள். தகவல் சொல்கிறவர் மட்டும்தான் ஆய்வுக்கு உட்பட்டவரா, அவர் வாயில் அகப்பட்டவரும்தானா?

ஆடு வளர்க்கும் அந்த அத்தைக்கு இந்தக் கேள்வி அப்படியே பொருந்தும். அவர் கையெழுத்துப் போடவில்லை, ரத்தம் கொடுக்கவில்லை, எங்கள் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. விலகிக்கொள்கிறேன் என்று சொல்ல அவருக்கு உரிமை கிடையாது, ஏனென்றால் அவர் சேரவே இல்லை. என் பேனாவில் பட்ட பாதிக் கறுப்பு கணினிக்குள் ஓர் எண்ணாக ஏறி, கணக்கில் கலந்துவிட்டது.

இவ்வளவும் எதற்கு உதவியது என்று கேட்டால், அதையும் சொல்ல வேண்டும். குடும்பங்களை வைத்து, பெரிய விளைவுள்ள சில மரபணுக்களைப் பிடித்துவிடலாம் என்ற அந்தக் காலத்து நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்தது. பல நாடுகள் சேர்ந்து நடத்திய கூட்டாய்வு 2014இல் ஏறத்தாழ 37,000 நோயாளிகளை வைத்து மரபணுத் தொகுப்பில் 108 இடங்களைக் காட்டியது. 2022இல் ஏறத்தாழ 77,000 நோயாளிகள், 287 இடங்கள். ஒவ்வோர் இடத்தின் பங்கும் துளியூண்டு. மனச்சிதைவு உள்ளவரின் உடன்பிறந்தவருக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் ஒன்பது என்பது பழைய குடும்ப ஆய்வுகளின் கணக்கு. திருப்பிச் சொன்னால், பத்தில் ஒன்பது பேர் நன்றாக இருப்பார்கள். நான் எந்த வீட்டிலும் அப்படித் திருப்பிச் சொன்னதில்லை. ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கூட்டாய்வுகளில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினரின் ரத்தம். அதை வைத்துச் செய்கிற கணிப்பு நம் மக்களுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. நம் ரத்தமும் அதில் சேர வேண்டும் என்கிறவர்கள் சொல்வது நியாயம்தான். அந்த நியாயத்தை வாயில் வைத்துக்கொண்டுதான் நானும் காலண்டரைப் பார்த்தேன்.

வேலையை விட்டு ரொம்ப நாள் ஆகிவிட்டது. போன வருடம், அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பான நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன். ஒரு ரத்த மாதிரியைப் பொய் சொல்லி எடுத்தேன், அதன் எண் இது, அழித்துவிடுங்கள் என்று. எண் என் பழைய டைரியில் இருந்தது. மரியாதையான பதில் வந்தது. களப் பணியாளர் கேட்டு அழிக்க விதியில் இடமில்லை, கொடுத்தவர் எழுதிக் கேட்டால் அழிக்கலாம், அதுவரை அந்த மாதிரியைப் புதிய ஆய்வுகளுக்குப் பயன்படுத்தாமல் நிறுத்திவைக்கிறோம் என்றார்கள். கூடவே, அவள் கையெழுத்துப் போட வேண்டிய படிவம் ஒன்றையும் அனுப்பியிருந்தார்கள். இந்த முறை ஒரே பக்கம்.

நான் இன்னும் போகவில்லை. போனால் எடுத்த எடுப்பில் யாரிடம் பேசுவது, கணவனிடமா, அவளைத் தனியாகக் கூப்பிட்டா? தனியாகக் கூப்பிட என்ன காரணம் சொல்வது? யோசிக்க யோசிக்க, மறுபடியும் ஒரு பொய்யைத்தான் தயார் செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிகிறது. போகாமல் இருப்பதற்கும் அன்றைக்குச் சொன்ன அதே காரணத்தைத்தான் சொல்லிக்கொள்கிறேன், அவள் வாழ்வு கெட்டுவிடும் என்று. அவளுக்கு இது தெரிய வேண்டுமா வேண்டாமா என்பதை அன்றும் நான்தான் முடிவு செய்தேன், இன்றும் நான்தான் முடிவு செய்துகொண்டிருக்கிறேன். அன்று இடுப்பில் இருந்த குழந்தைக்கு இப்போது வரன் பார்க்கிற வயது ஆகியிருக்கும்.